திருப்பித் தராத தட்டு

கேள்வி: எனக்கு வயது 42. கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், மாமியாருடன் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். நாங்கள் இந்துக்கள். ஆனால் கோயிலுக்குப் போவது ஆண்டில் இரண்டு மூன்று முறைதான். நான் மிஷன் பள்ளியில் படித்தவள், கிறிஸ்துமஸ் பாட்டுகள் இன்றும் மனப்பாடம். ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் ஹாலில் மரம் வைத்துவிடுவோம். அதை ஜோடிப்பது எங்கள் பணிப்பெண். பிலிப்பீன்ஸ்காரர், ஏழு ஆண்டுகளாக எங்களோடு இருக்கிறார். போன ஆண்டு பரிசுகளுக்கு மட்டும் 640 வெள்ளி ஆனது. 25ஆம் தேதி மதியம் கணவரின் நண்பர்கள் குடும்பத்தோடு சாப்பிட வருவார்கள். எல்லாரும் போன பிறகு, கிழிந்த பரிசுத் தாள்களைக் குப்பைப் பையில் அள்ளும்போது மனம் வெறிச்சோடிப் போகிறது.

"இது நம்ம பண்டிகையா?" என்று மாமியார் ஆண்டுதோறும் கேட்பார். அதற்குப் பழகிவிட்டேன். போன ஆண்டு மகள் கேட்டதுதான் உறுத்துகிறது: "நாம கிறிஸ்டியனும் இல்ல. பரிசெல்லாம் வேஸ்ட்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கும்மா இந்த மரம்?"

சின்ன வயதில் தங்ளின் ஹால்ட்டில் பத்து மாடிக் கட்டடத்தில் இருந்தோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி தமிழ்க் கிறிஸ்தவர். கிறிஸ்துமஸ் காலையில் ஒரு தட்டு நிறைய கேக்கும் அச்சுமுறுக்கும் கொண்டு வருவார். 1997இல் நாங்கள் வீடு மாறியபோது அவருடைய தட்டு ஒன்று எங்கள் சாமான்களோடு வந்துவிட்டது. இன்னும் என்னிடம் இருக்கிறது.

மதமும் இல்லாமல், பரிசும் வேண்டாம் என்று நினைக்கும் எனக்குக் கிறிஸ்துமஸில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இல்லை, விட்டுவிடலாமா?

- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இங்கே சுருக்கித்தான் தந்திருக்கிறேன், நீங்கள் எழுதியது இரண்டு பக்கம். முதல் முறை உங்கள் கேள்வியைப் படித்தேன். அடுத்த முறை கணக்கைப் படித்தேன்: எத்தனை பரிசு, யாருக்கு, எவ்வளவு. மூன்றாவது முறைதான் அந்தத் தட்டு கண்ணில் பட்டது.

ஹாலில் நிற்கும் மரம் என்ன உயரம், என்ன நிறம் என்று நீங்கள் எங்கும் சொல்லவில்லை. தட்டுக்கு மட்டும் நீலக் கரை இருக்கிறது. ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு சிதைவு இருக்கிறது. பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேலடுக்கில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் இதுவரை யாருக்கும் சாப்பாடு போட்டதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்கள் எதைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறார்களோ, அங்கிருந்துதான் நான் தொடங்குவது வழக்கம்.

முதலில் கேள்விக்கு நேரான பதில். விட வேண்டாம். ஆனால் இப்போது செய்துகொண்டிருப்பதில் பாதியை விட்டுவிடலாம்.

கிறிஸ்துமஸ் உங்கள் பண்டிகை அல்ல. உங்கள் மாமியார் சொல்வது அந்த அளவில் சரிதான், அதை ஒப்புக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை. கிறிஸ்தவர்களுக்கு அது இயேசு பிறந்த நாள். நான்கு வாரம் காத்திருந்து, நள்ளிரவில் கோயிலுக்குப் போய்க் கொண்டாடுகிற நாள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். மற்ற நமக்கு அதில் இருக்கும் இடம் விருந்தாளியின் இடம். அது சின்ன இடம் என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளி அன்று உங்கள் வீட்டுக்கு வரும் சீன நண்பர் லட்சுமி பூசை செய்வதில்லை. அவர் வந்து உட்கார்ந்து முறுக்கைக் கடித்து, "சுவையா இருக்கு" என்று சொல்லாவிட்டால் உங்கள் தீபாவளிக்கு ஏதோ குறைந்த மாதிரி இருக்கும், இல்லையா? விருந்தாளி இல்லாமல் பண்டிகை நிறைவதில்லை.

சின்ன வயதில் உங்களுக்குக் கிறிஸ்துமஸ் அப்படித்தான் கிடைத்தது. கதவைத் தட்டி, தட்டோடு வந்தது. யாருடைய பண்டிகையோ, அவர் கையால் வந்தது. இப்போது உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மரம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, 25ஆம் தேதி மேசை நிறைய சாப்பாடு இருக்கிறது. வந்து சாப்பிடும் நண்பர்களில் கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே கிறிஸ்தவர் மரத்தை ஜோடித்துவிட்டு, அன்று மதியம் உங்கள் விருந்தாளிகளின் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறார். விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார், வீட்டுக்காரர் சமையலறைக்குள் போய்விட்டார்.

குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஏழு ஆண்டுகள் அவரை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது, பிள்ளைகள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். ஆனால் நீங்கள் தேடுவது உங்கள் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்கும்போது அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஆலோசகராவதற்கு முன் நான் தாதியாக இருந்தேன். 1994இல் வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம். தீபாவளி அன்று எனக்கு இரவு ஷிஃப்ட் விழுந்துவிட்டது. திருமணமாகி முதல் தீபாவளி. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். மூத்த தாதி ஒருவர், பிலிப்பீன்ஸ்காரர், அட்டவணையைப் பார்த்துவிட்டு, "நீ வீட்டுக்குப் போ. இதை நான் பார்த்துக்கொள்கிறேன். டிசம்பர் 24 இரவு எனக்காக நீ வா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்த வார்டில் எல்லாரும் அப்படித்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நோன்புப் பெருநாளுக்கு மலாய்த் தாதிகள் வீட்டில், சீனப் புத்தாண்டுக்குச் சீனத் தாதிகள் வீட்டில். இன்றும் இந்த ஊர் மருத்துவமனைகளில் இது நடக்கிறது.

டிசம்பர் 24 இரவு போனேன். வார்டில் பாதிக்கட்டில்கள் காலி. போக முடிந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கடைசிக் கட்டிலில் ஒரு யூரேசியத் தாத்தா. நெஞ்சில் சளி, படுத்தால் இருமல் வரும் என்று சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். அவரைப் பார்க்க அன்று யாரும் வரவில்லை. நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போதெல்லாம் மணி கேட்டார். பத்தரை என்றேன். அப்புறம் பதினொன்றேகால் என்றேன். தூக்கம் வராமல் கேட்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது முறை கேட்டபோது, "பன்னிரண்டு ஆகி இரண்டு நிமிடம்" என்றேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நீட்டி, "மெர்ரி கிறிஸ்துமஸ், மிஸ்ஸி" என்றார்.

இங்கே நோயாளிகள் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நானும் கையைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னேன். அவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். அதைச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் இந்துவா, நம்புகிறேனா என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்குப் பொருட்டில்லை. அங்கே நான் இருந்தேன். அந்த இரவை மூத்த தாதிக்குக் கொடுக்கப் போய், அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ கிறிஸ்துமஸ் விருந்துகளில் சாப்பிட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலரைச் சரிசெய்துகொண்ட கைதான்.

பரிசுகள் தரும் வெறுமையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. கிறிஸ்துமஸ் முடிந்தபின் 117 பேரிடம் விசாரித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. டிம் காசர், கெனன் ஷெல்டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. குடும்பத்தோடு கழித்த நேரமும் சமய அனுபவமும் முன்னால் நின்றவர்கள் கூடுதல் நிறைவு அடைந்திருந்தார்கள். செலவழிப்பதும் பரிசு பெறுவதும் முன்னால் நின்றவர்களுக்கு நிறைவு குறைவாக இருந்தது. சமய அனுபவம் உங்களுக்கு இல்லை என்கிறீர்கள். சரி, இன்னொரு கதவு திறந்துதான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பரிசு போதும். அலுவலகத்தில் சீட்டு எடுத்துப் பரிசு மாற்றிக்கொள்வதை நிறுத்தச் சண்டை போடாதீர்கள், அதற்கான சின்னத் தொகையோடு விட்டுவிடுங்கள். இதற்கு மேல் பரிசைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் பணிப்பெண்ணைப் பற்றி. பிலிப்பீன்ஸ் கத்தோலிக்கர்களுக்கு டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை உண்டு. சிம்பாங் காபி என்பார்கள். இருட்டு விலகுமுன் எழுந்து கோயிலுக்குப் போவார்கள். தேதியைக் கவனித்தீர்களா? நம் மார்கழியும் டிசம்பர் 16 வாக்கில்தான் பிறக்கிறது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்கு விடியலில் குளித்துவிட்டுப் போகும் தமிழ்ப் பெண்களும், அதே இருட்டில் தேவாலயத்துக்குப் போகும் பிலிப்பீன்ஸ் பெண்களும் ஒரே முதல் ரயிலுக்குக் காத்திருப்பதாக நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உங்கள் மாமியாருக்கு மார்கழி விடியல் என்றால் என்ன என்று தெரியும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். "இது நம்ம பண்டிகையா?" என்று கேட்டவர் பணிப்பெண்ணிடம் வேறு கேள்விகள் கேட்கத் தொடங்கலாம்.

ஒன்பதாம் நாள் முடிந்ததும், 24ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, பிலிப்பீன்ஸில் வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களுக்குப் பெரிய சாப்பாடு அதுதான், 25ஆம் தேதி மதியச் சாப்பாடு அதற்குப் பிறகுதான். மணிலாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். இங்கே பன்னிரண்டு அடிக்கும்போது அங்கேயும் பன்னிரண்டு. உங்கள் பணிப்பெண்ணின் பிள்ளைகள் அந்த நேரத்தில் மேசை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

பொது விடுமுறை நாளில் இல்லப் பணிப்பெண்களுக்கும் விடுமுறை உண்டு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டப்படி அப்படி இல்லை. வேலை நியமனச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. வார ஓய்வு நாள் உண்டு, 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டாமல் ஓய்வாகவே கொடுத்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று அவர் விடுப்பில் போவதும் போகாததும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அதனால் என் யோசனை இது. 25ஆம் தேதி மதிய விருந்தை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். கணவரின் நண்பர்களை ஜனவரி முதல் தேதிக்குக் கூப்பிடுங்கள், அவர்களுக்கு அதில் நட்டம் ஒன்றும் இல்லை. பணிப்பெண்ணிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். "24 இரவும் 25உம் உங்களுடைய நாள். எப்படிக் கழிக்க ஆசை?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர் தோழிகளோடு தேவாலயத்துக்குப் போய்விட்டு இரவு தங்க விரும்பலாம். வீட்டிலேயே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் பேச விரும்பலாம். "நான் சமைக்கிறேன், எல்லாரும் உட்காருங்கள்" என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் உட்காருங்கள். அன்று பாத்திரம் கழுவுவது நீங்களும் உங்கள் கணவரும். இது முக்கியம், சும்மா சொல்லவில்லை.

அவர் போய்விட விரும்பினால் ஏமாற்றமடைய வேண்டாம். அவருடைய பண்டிகையை அவரிடமே கொடுத்துவிட்டீர்கள், அவர் எங்கே கொண்டாடுகிறார் என்பது அவர் விருப்பம்.

அடுத்து, தட்டு.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டிலிருந்து பாத்திரம் வந்தாலும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். உங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார். தீபாவளிக்கு உங்கள் வீட்டுத் தட்டு போகும், ஏதோ ஒன்றோடு திரும்பி வரும். கிறிஸ்துமஸுக்கு ஆன்ட்டியின் தட்டு வரும், ஏதோ ஒன்றோடு திரும்பிப் போகும். அப்படிப் போய் வந்துகொண்டே இருந்ததில், 1997இல் ஒரு தட்டு உங்கள் பக்கம் நின்றுவிட்டது. கடைசி முறை உங்கள் முறை. அதனால்தான் அதைத் தூக்கிப்போடவும் மனமில்லை, எடுத்துப் புழங்கவும் மனமில்லை என்று எனக்குப் படுகிறது.

ஆன்ட்டியைத் தேடுங்கள். தங்ளின் ஹால்ட் கட்டடங்களை மறுமேம்பாட்டுக்கு எடுத்துக்கொள்வதாக 2014இல் அறிவித்தார்கள், இப்போது அந்த வீட்டு எண்ணுக்குப் போய்ப் பயனில்லை. ஆனால் அவர் வீட்டுச் சுவரில் மாதா படம் இருந்தது, ஞாயிறுதோறும் நடந்தே கோயிலுக்குப் போவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் காமன்வெல்த் டிரைவில் கூடாரம் போன்ற நீலக் கூரையோடு நிற்கும் தேவாலயமாகத்தான் இருக்கும். 1965இல் கட்டியது. வீடு மாறிப்போன வயதானவர்கள் பலர் பழைய கோயிலை விடுவதில்லை, இரண்டு ரயில் மாறியாவது வந்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்துக்குப் போய், முடியில் நரை கண்ட தமிழ் அம்மா யாரையாவது கேளுங்கள். அல்லது ஓஃபீர் சாலை லூர்து அன்னை தேவாலயத்தில் விசாரியுங்கள். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டிய கோயில் அது, இன்றும் தமிழில் பூசை நடக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இந்த ஊரில் ஒருவரையொருவர் ஓரளவுக்குத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

விசாரிக்கப் போகிற சாக்கில், கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கும் ஒருமுறை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பட்டுச் சேலையும் மல்லிகையுமாகத் தமிழ்ப் பெண்கள் நிறைந்திருப்பார்கள். நற்கருணை வாங்க வரிசையில் போகத் தேவையில்லை, கிறிஸ்தவர் அல்லாதவர்கள் இருக்கையிலேயே இருந்துகொள்ளலாம். மிஷன் பள்ளியில் படித்த பாட்டு வந்தால் வாய்விட்டுப் பாடுங்கள்.

ஆன்ட்டி இப்போது இல்லை என்று தெரியவும் கூடும். உங்கள் கணக்குப்படி அவருக்கு எண்பதைத் தாண்டியிருக்க வேண்டும். அப்படித் தெரிந்தால் வலிக்கும், முன்பே தேடியிருக்கலாமே என்று தோன்றும். தோன்றட்டும். அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் தட்டு அவர்களுக்குப் போகட்டும். அம்மாவின் தட்டு ஒன்று எதிர்பாராமல், அதுவும் நிறைந்து, வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாருமே கிடைக்காவிட்டால், உங்கள் மாடியில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடு ஒன்று நிச்சயம் இருக்கும். கதவில் இலை வளையம் தொங்கும், பார்த்தாலே தெரியும். அங்கே கொடுங்கள்.

மகளின் கேள்வி மிச்சம் இருக்கிறது. நல்ல கேள்வி. 14 வயதில் அப்படிக் கேட்கிற பெண்ணுக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் போதாது. அவரைச் சாங்கி தேவாலய அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போங்கள். ஜப்பானியர் காலத்தில் ஸ்டான்லி வாரன் என்ற பிரிட்டிஷ் போர்க்கைதி, வயிற்றுக்கடுப்பில் எலும்பும் தோலுமாகச் சாங்கி முகாம் மருத்துவமனையில் கிடந்தார். அங்கிருந்த சிறிய தேவாலயத்தின் சுவரில் படம் வரையச் சொன்னார்கள். வண்ணம் கிடையாது. ராணுவப் பழுப்புப் பெயின்ட், பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்குப் பயன்படும் நீலச் சுண்ணக்கட்டி என்று சக கைதிகள் எங்கெங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அதிக நேரம் நிற்க முடியாது, கொஞ்சம் வரைவார், படுத்துக்கொள்வார். 1942 கிறிஸ்துமஸுக்குள் குழந்தை பிறப்புப் படத்தை முடித்துவிட்டார். நல்மனம் உள்ளவர்களுக்குப் பூமியில் சமாதானம் என்ற வாசகம் அதில் இருக்கிறது. காவலுக்கு நின்ற எதிரியையும் சேர்த்துத்தான் அந்த வாசகம். அசல் படங்கள் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கின்றன, நாம் அங்கே போக முடியாது. அரும்பொருளகத்தில் நகல்களைப் பார்க்கலாம். போர் முடிந்த பிறகு வாரன் 1963, 1982, 1988 என்று மூன்று முறை திரும்பி வந்து அவற்றைச் சீர்செய்து கொடுத்தார்.

நான் முதன்முதலில் பார்த்தபோது அங்கிருந்து நகர வெகுநேரம் ஆயிற்று. நம்பிக்கை உள்ளவர் வரைந்த படம் அது. நம்பிக்கை இல்லாதவரும் அதன் முன்னால் நிற்க முடியும். உங்கள் மகள் அங்கே நின்ற பிறகு, "எதுக்கும்மா இந்த மரம்?" என்று மறுபடியும் கேட்கலாம். அப்போது அந்தப் பத்து மாடிக் கட்டடத்தின் கதையைச் சொல்லுங்கள். நீங்கள் அந்த வீட்டை விட்டு வந்தபோது உங்களுக்கும் அவர் வயதுதான். தட்டை எடுத்துக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள்.

மரம் இருக்கலாமா? இருக்கட்டும். இந்த மரம், வாழ்த்து அட்டை, கட்டிய பரிசு எல்லாமே பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. முதல் அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டை 1843இல்தான் வந்தது. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மிகக் குறைவு, 25ஆம் தேதி விடுமுறைகூட இல்லை, பொரித்த கோழியும் ஸ்ட்ராபெர்ரி கேக்கும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். உங்கள் வீட்டில் மரம் நிற்பதால் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இந்த ஆண்டு பணிப்பெண்ணை ஜோடிக்கச் சொல்லாதீர்கள். நீங்களும் பிள்ளைகளும் ஜோடியுங்கள், உச்சியில் வைக்கும் நட்சத்திரத்தை மட்டும் அவரிடம் கொடுங்கள்.

மாமியாருக்கு ஒரு வேலை இருக்கிறது. தட்டில் வைக்க அச்சுமுறுக்கு வேண்டும். நாம் தீபாவளிக்குச் சுடுவது, ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்குச் சுட்டது, மலாய்க்காரர்கள் பெருநாளுக்கு குவே ரோஸ் என்று வைப்பது, சீனப் புத்தாண்டுக் கடைகளில் போத்தல் போத்தலாக அடுக்கியிருப்பது, எல்லாம் ஒரே பலகாரம்தான். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி. யார் பண்டிகை என்று அந்த அச்சுக்குத் தெரியாது. "அத்தை, பக்கத்து வீட்டுத் தட்டு ஒன்றை வெறுமனே திருப்பித் தர முடியாது, நீங்கள்தான் சுட்டுத் தர வேண்டும்" என்று கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு என்று கேட்டால் மறுக்கக்கூடியவர், தட்டை நிரப்ப என்று கேட்டால் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

தேக்காவில் புது அச்சு வாங்குவதாக இருந்தால் முதல் நாளே எண்ணெயில் ஊறப் போட்டுவிடுங்கள். சுடும்போது அச்சு எண்ணெயில் நன்றாகச் சூடேறிய பிறகு மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும். முழுக்க முக்கினால் மாவு மேலே ஏறிக்கொண்டு அச்சை விட்டு வராது. இதெல்லாம் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். மகளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.